எந்த நீதிபதியிடம் வழக்கு?

ஐயா, பெரியபட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பாகப்பிரிவினை வழக்கு எந்த நீதிபதி முன்னால் இருக்கிறது என்று கேட்கவே இரண்டு தடவை ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போய் வந்தேன், கடலுக்குப் போகாத நாள் இரண்டு. சுவரில் ஒட்டிய பட்டியல் மழைச்சாரலில் ஊறி, எங்கள் நம்பர் இருந்த வரி மட்டும் நீலமாய்க் கரைந்து கிடந்தது. கேட்டால், "வக்கீலைக் கேளுங்க". வக்கீலோ போனை எடுப்பதில்லை.

அப்புறம் தங்கச்சி மகன்தான் கோர்ட் வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்ணை, போட்டான். அது எழுத்தும் எண்ணுமாக 16 இடம். போட்டதும் எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது எல்லாம் வந்துவிட்டது, காசு கிடையாது. ஆனால் கீழ்க்கோர்ட் வழக்குக்குப் பெரும்பாலும் நீதிபதியின் பதவிதான் வருகிறது, மாறுதலாகிப் போனால் வேறொருவர் அதே நாற்காலியில். ஐகோர்ட் மதுரைக் கிளையில் இருக்கும் எங்கள் அண்ணன் வழக்கு இன்னொரு தினுசு, தலைமை நீதிபதி பொறுப்புகளை மாற்றி ஒதுக்கும்போது நீதிபதியும் மாறிவிடுகிறார், அதனால் விசாரணைக்கு முந்தின நாள் வரும் வழக்குப் பட்டியலைப் பார்த்தால்தான் உறுதி.

அந்த சி.என்.ஆர். எண்ணை வழக்குப் போட்ட அன்றே ஒரு சீட்டில் பெரிதாய் எழுதி எங்கள் கையில் கொடுத்தால் என்ன?

- ஒரு மீனவர், பெரியபட்டினம்