மூக்குச் சதையும் எதிர்ப்பு சக்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைனஸ் பற்றி மருத்துவப் பக்கத்தில் எப்போது கட்டுரை வந்தாலும், 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை கூடவே வந்துவிடுகிறது. உங்கள் நாளிதழிலும் படித்தேன். நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஆபரேஷனில் எடுத்த மூக்குச் சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போடுவது என் வேலை. அந்தத் தகடுகளில் பெரும்பாலும் நான் பார்ப்பது எதிர்ப்பு சக்திக் குறைவை அல்ல. தேவையில்லாத இடத்தில் அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பதை.

பாலிப் எனப்படும் அந்தச் சதை திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் வரும்போது உரித்த திராட்சை மாதிரி இருக்கும். உள்ளே வெறும் நீர்தான் என்று தோன்றும். நுண்ணோக்கியில் வைத்தால் பலருடைய தகட்டில் சிவந்த துகள்கள் நிறைந்த ஈயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் அப்பிக் கிடக்கும். 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 10 தெரிந்தாலே கவனிக்க வேண்டிய எண்ணிக்கை. சில தகடுகளில் கருநீலத் திட்டுகளாக நிணநீர் அணுக்களும் திரண்டிருக்கும். டான்சிலிலும் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டிலும் பார்த்துப் பழகிய அமைப்பு அது. நீண்டகால அழற்சியால் மூக்கின் சவ்வுக்குள்ளேயே புதிதாக உருவாகிவிடுகிறது.

இந்தத் திரட்சி சும்மா இருப்பதில்லை. அங்குள்ள பி அணுக்கள் என்ற நிணநீர் அணுக்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களாக மாறி, ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை அந்த இடத்திலேயே சுரக்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா விடும் நச்சுப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇகூட பாலிப் திசுவில் கண்டறியப்பட்டிருக்கிறது. தோல் பரிசோதனையில் ஒவ்வாமை இல்லை என்று வந்தவருக்கும் மூக்குக்குள் இது நடக்கலாம். 'டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்றார்களே, அப்புறம் ஏன் மூக்கு அடைக்கிறது?' என்று குழம்புகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: 'கேன்சர் இல்லையே?' இல்லை என்றதும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் 'ஈயோசினோஃபில் மிகுந்த அழற்சி' என்று அடுத்த வரியில் இருப்பதை யாரும் அவர்களுக்கு விளக்குவதில்லை. சதை திரும்ப வளரக்கூடும் என்று எச்சரிக்கும் வரி அது. ஆபரேஷன் அடைப்பை நீக்கி, மருந்து உள்ளே போக வழி செய்கிறது. மீதியிருக்கும் சவ்வின் சுபாவம் அதனால் மாறிவிடாது. அதனால்தான் அதற்குப் பிறகும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் தொடர வேண்டியிருக்கிறது. மூச்சு சரியாக வருகிறதே என்று ஸ்பிரேயை நிறுத்திவிட்டு, மறுபடி சதையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

12 வாரத்துக்கு மேல் நீடிக்கும் எல்லா சைனஸும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. பல்லிலிருந்து வருவது உண்டு, பூஞ்சையால் வருவது உண்டு, எதிர்ப்பொருள் உண்மையிலேயே குறைவாக உள்ளவர்களும் உண்டு. குழந்தைகள் என்றால் முதலில் அடினாய்டைப் பார்க்க வேண்டும். ஆனால் பாலிப் உள்ள பலருக்கு ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் இந்த அழற்சி அடங்காது. இந்த அழற்சியைத் தூண்டும் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைகளைத் தடுக்கும் டுபிலுமாப் ஊசிக்கு 2019இல் அமெரிக்காவில் பாலிப் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மருந்தல்ல அது. அதன் ஒரு பகுதியை அடக்கும் மருந்து.

ஆகவே, அடுத்த முறை சைனஸ் பற்றி எழுதும்போது காது மூக்கு தொண்டை மருத்துவரோடு ஒரு திசு நோயியல் நிபுணரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பாலிப் தகட்டின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
திசுப் பரிசோதனைக் கூட டெக்னீஷியன்