ஆன்லைன் விற்பனையாளருக்கென்று விற்ற வரி மென்பொருளில் வியாபாரப் படிவம் இல்லை: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
விளாச்சேரி அருகில்,
மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வருமான வரி மென்பொருள் நிறுவனம்.

நாள்: 24.10.2025

பொருள்: தள்ளுபடியில் வாங்கிய வரி மென்பொருள் எந்த வேலைக்கென்று விற்கப்பட்டதோ அந்த வேலைக்கு உதவாதது, கூடுதல் பணம் வாங்கியது, தவறான ஆலோசனை தந்தது. செலுத்திய ரூ. 2,949-ஐத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த செப்டம்பர் 6-ஆம் தேதி உங்கள் மென்பொருளை ரூ. 399-க்கு வாங்கினேன். ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 471. நான் பொருள் விற்கும் தளத்தின் விற்பனையாளர் பக்கத்தில், ‘ஆன்லைனில் விற்பவர்களுக்கு 60% தள்ளுபடி, ரூ. 999 இப்போது ரூ. 399 மட்டும்’ என்று உங்கள் விளம்பரம் வந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். என்னைப் போன்றவர்களுக்கென்றே செய்தது என்று நம்பினேன்.

நான் யார் என்று சொன்னால்தான் குறை புரியும். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்து ஊரான விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாகக் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒரு குடும்பத்திடம் பொம்மை வாங்கி, 2024 ஆகஸ்ட் முதல் ஆன்லைனில் விற்கிறேன். வருஷம் முழுக்க இல்லை. நவராத்திரிக்கு முந்திய இரண்டு மாதம், அப்புறம் டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் செட். அவ்வளவுதான். தசாவதார செட் ஒன்றைப் பெட்டியில் போட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வாமனர் குடையும் பரசுராமர் கோடரியும்தான் முதலில் உடையும் என்பதால் அவற்றுக்குத் தனியாகப் பஞ்சு சுற்றி, நடுவில் வைக்கோல் திணிக்க வேண்டும். 2024-25 நிதியாண்டில் மொத்தம் விற்றது ரூ. 1,84,600. சம்பளத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனால் இந்தச் சின்னத் தொகை வந்ததால் நான் நிரப்ப வேண்டிய படிவமே மாறிவிடுகிறது. அதை உங்கள் விளம்பரமும் சொல்லவில்லை, பணம் வாங்கும் பக்கமும் சொல்லவில்லை.

முந்தைய வருஷங்களில் சம்பளம் மட்டும்தான். அரசின் வருமான வரித் தளத்தில் சம்பளக்காரர்களுக்கான எளிய ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1-ஐ நானே போட்டுவிடுவேன். இந்த முறை விற்பனை இருக்கிறதே, தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்துதான் காசு கொடுத்து உங்களிடம் வந்தேன்.

அலுவலகம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ஐ ஏற்றியதும் சம்பள விவரம் சரியாக வந்து உட்கார்ந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். பொம்மை விற்பனையை எங்கே போடுவது என்று தேடினால் இடமே இல்லை. ரூ. 399 பிளானில் இருப்பது ஐடிஆர்-1 மட்டும். அந்தப் படிவத்தில் வியாபார வருமானம் காட்டவே முடியாது. அதாவது, ஆன்லைன் விற்பனையாளருக்கு என்று தள்ளுபடி போட்டு விற்ற பிளானை, ஆன்லைன் விற்பனையாளர் ஒருவர்கூடத் தன் வேலைக்குப் பயன்படுத்த முடியாது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு சாட்டில் கேட்டேன். வந்த பதில் இது: “மேடம், தொகை கம்மிதானே. பிற வருமானம் என்ற இடத்தில் பேங்கில் வந்த தொகையைப் போட்டுவிடுங்கள். இதே பிளானில் முடிந்துவிடும்.” அந்த சாட்டின் படத்தை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இந்தப் பதிலைத்தான் நான் இன்றுவரை ஜீரணிக்க முடியாமல் இருக்கிறேன். வாங்கி விற்பது வியாபாரம். அதை ‘பிற வருமானம்’ என்று எழுதி ஐடிஆர்-1 போட்டால் அது தவறான படிவம். குறைபாடுள்ள தாக்கல் என்று பிரிவு 139(9)-இன் கீழ் நோட்டீஸ் வந்தால் அது என் பெயரில்தான் வரும். 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். சாட்டில் பேசியவர் அப்போது எங்கே இருப்பார்?

பேங்கில் வந்த தொகையைப் போடச் சொன்னதும் தவறு. ரூ. 1,450-க்கு ஒரு செட் விற்றால், தளம் கமிஷனும் கூரியர் கட்டணமும் பிடித்துக்கொண்டு எனக்கு ரூ. 1,112 அனுப்புகிறது. வருஷம் முழுக்க அப்படி பேங்கில் வந்து சேர்ந்தது ரூ. 1,41,300. ஆனால் என் விற்பனை ரூ. 1,84,600. படிவத்தில் காட்ட வேண்டியது அந்த முழுத் தொகையைத்தான். பிரிவு 44ஏடி-யின் கீழ் அதில் குறைந்தது 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டியதில்லை. பணம் முழுவதும் பேங்க் வழியாக வந்தால் 6, ரொக்கமாக வந்ததற்கு 8. கமிஷன், கூரியர் எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே அந்த 6 சதவீதம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. எப்போதாவது விற்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. என் கணக்கில் அது வெறும் ரூ. 11,076. இந்த ஒரு பத்தியை உங்கள் மென்பொருள் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

சரி, முறைப்படியே போய்விடுவோம் என்று, இப்படிச் சின்ன வியாபாரம் இருப்பவர்களுக்கான ஐடிஆர்-4 படிவத்தைக் கேட்டேன். அதற்கு ரூ. 2,499 பிளான் வேண்டும் என்றது திரை. அந்தப் பிளானுக்குத் தள்ளுபடிக் கூப்பன் செல்லாது. ஏற்கெனவே தந்ததைக் கழித்து ரூ. 2,100, ஜிஎஸ்டியோடு ரூ. 2,478. அன்று செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை இரவு. கெடு 15-ஆம் தேதி. அந்த மாதக் கடைசியில் நவராத்திரி. கூடம் முழுக்கப் பெட்டிகள், மறுநாள் காலை கூரியர்காரர் வருவார். சம்பள விவரம், வீட்டுக் கடன், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் இரண்டு நாளாக உட்கார்ந்து உங்கள் மென்பொருளில் ஏற்றியிருந்தேன். வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து. கட்டிவிட்டேன். என்னைப் போல எத்தனை பேர் அந்த வாரத்தில் அப்படிக் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

பணம் கட்டியதும் பிரச்சினை தீரவில்லை. கடைசிப் பக்கத்தில், வட்டி தவிர்த்து நான் கட்ட வேண்டிய வரி ரூ. 20,910 என்று வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் சம்பளம் வருஷத்துக்கு ரூ. 9,60,000. வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், சேமிப்புக்கான 80சி பிரிவில் 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு ரூ. 25,000, நிலையான கழிவு ரூ. 50,000. இதையெல்லாம் அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து, இந்தக் கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரிமுறையில்தான் ரூ. 20,280 பிடித்திருந்தார்கள். பொம்மையில் வந்த ரூ. 11,076-ஐச் சேர்த்தால் கூடுதலாக 2,300 ரூபாய் வர வேண்டும். இருபதாயிரம் எப்படி வரும்?

திரையில் ‘பழைய வரிமுறை’ என்ற பொத்தான் மங்கலாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி இல்லை. கேள்விக்குறி போட்ட சின்ன வட்டத்தைத் தொட்டால், புதிய வரிமுறையின் நன்மைகள் பற்றி ஒரு காணொளி திறந்தது. மறுபடியும் சாட்டுக்குப் போனேன். “இப்போது எல்லோருக்கும் புதிய முறைதான் மேடம், அதுதான் தானாக வரும். கட்டிவிட்டு சப்மிட் செய்யுங்கள், கடைசி நேரத்தில் தளம் நின்றுவிடும்” என்றார்கள்.

சனிக்கிழமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அண்ணனிடம் காட்டினேன். ஒரே பார்வையில் கேட்டார்: “10-ஐஇஏ போட்டியாம்மா?”

அந்தப் படிவத்தின் பெயரை நான் கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை. சம்பளம் மட்டும் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் ரிட்டர்னிலேயே பழைய முறை, புதிய முறை என்று மாற்றிக்கொள்ளலாம். வியாபார வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் அந்த வசதி போய்விடும். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் 10-ஐஇஏ படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்து, அதன் ஒப்புகை எண்ணை ஐடிஆர்-4-இல் எழுத வேண்டும். கெடு தாண்டினால் அந்த வருஷத்துக்குப் பழைய முறை கிடையாது. அதோடு, பிறகு ஒரு முறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், வியாபார வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. இவ்வளவு பெரிய முடிவு ஒரு மங்கிய பொத்தானுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. என் விஷயத்தில் வித்தியாசம் ரூ. 18,610, வட்டி வேறு. அவ்வளவு பொம்மை விற்றும் எனக்குக் கையில் அந்தத் தொகை மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, 14-ஆம் தேதி, வருமான வரித் தளத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நானே போட்டேன். ஆதார் ஓடிபி வரை எல்லாம் சேர்த்து 25 நிமிடம். கட்டணம் எதுவும் இல்லை. அங்கேயே ஐடிஆர்-4-ஐயும் நிரப்பி, ரூ. 2,300 கட்டி, சரிபார்ப்பையும் முடித்தேன். அதுவும் இலவசம்தான். உங்களுக்குக் கட்டிய ரூ. 2,949-ஆல் எனக்கு நடந்த ஒரே காரியம், படிவம் 16-இல் இருந்த எண்களைத் திரையில் பார்த்தது.

செப்டம்பர் 16-ஆம் தேதி பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-இன்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஒன்பது நாள் கழித்து, ‘வரைவு ரிட்டர்ன் தயாராகிவிட்டதால் பணம் திரும்பாது’ என்று ஒரு வரி வந்தது. அதற்கு அப்புறம் நான் எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தயாரான வரைவு எது? எனக்கு ரூ. 18,610 கூடுதலாக வரி போட்ட வரைவு. அதை நான் தாக்கல் செய்யவில்லை, உங்கள் பதிவிலேயே பார்க்கலாம்.

இன்னொன்றையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாங்குபவரை ஏமாற்றும் இணையத் தள உத்திகளைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. அதில் 13 வகை சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்று டிரிப் பிரைசிங், அதாவது முழு விலையை முதலிலேயே சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ஏற்கெனவே பணம் கட்டிய சேவையை, இன்னும் ஒன்றை வாங்கினால்தான் பயன்படுத்த முடியும் என்று தடுப்பதும் அதற்குள் வருகிறது. எனக்கு நடந்தது வரிக்கு வரி அதுதான்.

என் கோரிக்கையைச் சொல்கிறேன். முதலாவது, ரூ. 2,949 முழுவதும் என் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். கூப்பனாகவோ அடுத்த வருஷத் தள்ளுபடியாகவோ வேண்டாம். அடுத்தது எனக்காக மட்டும் கேட்பதில்லை. தள்ளுபடி விளம்பரத்திலேயே, எந்தப் பிளானில் எந்த ஐடிஆர் படிவம் என்று எழுதுங்கள். பணம் வாங்குவதற்கு முன்னால், ‘இந்த வருஷம் எதையாவது வாங்கி விற்றீர்களா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பழைய வரிமுறைப் பொத்தான் மங்கினால், 10-ஐஇஏ படிவம் வேண்டும், இத்தனாம் தேதிக்குள் போட வேண்டும் என்று தமிழிலும் எழுதி வையுங்கள். விற்பனையைப் பிற வருமானத்தில் போடச் சொல்லி வேறு யாருக்கெல்லாம் பதில் தந்தீர்களோ, அவர்களுக்கு அது தவறு என்று இப்போதே தெரிவியுங்கள். திருத்திய ரிட்டர்ன் போட டிசம்பர் 31 வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் நீங்கள் உடனே செய்தே ஆக வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், என் பணத்தைவிட முன்னால்.

எங்கள் ஊரில் மசாலாப் பொடி விற்கிறவர்கள், பழைய பட்டுச் சேலை விற்கிறவர்கள், டெரகோட்டா கம்மல் செய்கிறவர்கள் என்று வேலைக்குப் போய்க்கொண்டே விற்கும் பெண்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியும். ஒருவருக்கும் வரி ஏய்க்கும் எண்ணம் கிடையாது. கட்ட வேண்டியதைச் சரியாகக் கட்ட வழி கேட்டுத்தான் உங்களிடம் வருகிறார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன், அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். இரண்டு ரசீதுகள், சாட் படங்கள், மங்கிய பொத்தான் தெரியும் திரையின் படம், 10-ஐஇஏ ஒப்புகை, நான் தாக்கல் செய்த ஐடிஆர்-4 ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். டிசம்பர் குடில் செட்டுக்கான பெட்டி வேலை நவம்பர் பாதியில் தொடங்கிவிடும். அதற்குள் முடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.