எல்கானோ என்று எழுதினால் தப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார சிறுவர் பகுதியில் ‘கப்பலில் உலகை முதலில் சுற்றி வந்தவர் மெகல்லன்’ என்று போட்டிருந்தீர்கள். கிளம்பினார், சரி. வந்தாரா? 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில், பாறைகளால் படகு கரைக்குப் போக முடியாமல் தொடையளவு தண்ணீரில் இறங்கி நடந்து, லாப்பு லாப்பு என்ற தலைவனின் ஆட்களோடு மோதி அங்கேயே செத்துப்போனார்.

என் மகள் பள்ளி வினாடி வினாவில் இதே கேள்விக்கு ‘எல்கானோ’ என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தவள். அந்த ஆத்திரமும் இதில் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1519 செப்டம்பரில் மெகல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து 5 கப்பல்களில் 200-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மிஞ்சிய விக்டோரியா கப்பலை, இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் ஏற்றிய கிராம்பு மூட்டைகளோடு, போட்டியாளர்களான போர்த்துக்கீசியர் கண்ணில் படாமல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி ஓட்டிவந்தவர் ஸ்பானிய மாலுமி எல்கானோ. 1522 செப்டம்பர் 6 அன்று அதில் வந்து சேர்ந்தவர்கள் 18 பேர்தான். எல்கானோ ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை, 1520-ல் மெகல்லனுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து மாட்டி, மன்னிப்புக் கிடைத்துப் பிழைத்த ஆள்.

அப்புறம் ஏன் மெகல்லன் பெயரே நிற்கிறது? கூடப் போன இத்தாலியர் பிகாஃபெட்டா எழுதிய குறிப்புகள் ஒரு முக்கியக் காரணம். பசிபிக்கில் மூன்று மாதத்துக்கு மேல் புது உணவே கிடைக்காமல், பாய்மரக் கம்பத்தில் சுற்றியிருந்த மாட்டுத்தோலை நான்கைந்து நாள் கடலில் ஊறப்போட்டுத் தணலில் வாட்டித் தின்றது, எலி ஒன்று அரை டூக்கட் காசுக்கு விலைபோனது, ஈறு வீங்கிச் செத்தவர்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் மெகல்லன் மேல் அவருக்கு அப்படியொரு பக்தி. எல்கானோ பெயரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை, அந்த ஆள் ஓட்டிய கப்பலில்தானே இவரே உயிரோடு ஊர் சேர்ந்தார்!

இன்னொரு ஆளும் இருக்கிறார், என்ரிக்கே. 1511-ல் இன்றைய மலேசியாவில் உள்ள மலாக்காவில் மெகல்லன் வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன அடிமை. பத்து வருஷம் கழித்து பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றில், எட்டுப் பேர் வந்த சின்னப் படகைப் பார்த்து இவர் பேசினார், அவர்களுக்குப் புரிந்துவிட்டது. தான் இறந்தால் இவருக்கு விடுதலை என்று மெகல்லன் உயில் எழுதியிருந்தும், அவர் செத்ததும் அடுத்துத் தலைமைக்கு வந்தவர்கள் ‘நீ இன்னும் அடிமைதான்’ என்று மிரட்டினார்கள். சில நாளில் பிலிப்பைன்ஸின் செபு தீவில், உள்ளூர் அரசன் விருந்துக்கு அழைத்துக் கப்பல்காரர்களைக் கொன்ற படுகொலையோடு என்ரிக்கே ஏட்டிலிருந்தே காணாமல் போகிறார். அங்கிருந்து மலாக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் உலகைச் சுற்றியதில் எல்கானோவுக்கும் முந்தியவர் இவர்தான்.

சிறுவர் பகுதிக்கு நல்ல விஷயம் வேண்டுமா? திரும்பும் வழியில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவில் கப்பல்காரர்கள் கணக்குப்படி புதன்கிழமை, கரையில் கேட்டால் வியாழன். தினமும் தவறாமல் தேதி எழுதிவந்த பிகாஃபெட்டா திகைத்துப்போனார். மேற்காகவே போனதில் ஒரு நாள் குறைந்திருந்தது. பிள்ளைகளிடம் இது ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும். வெட்டி எடுத்து மகளிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி