மகளுக்கு: அந்தத் தேனீயைப் பற்றி

அன்பு மக்களே,

நேற்று போனில் நீ அழுதுகொண்டே சொன்னதால் அப்போது நான் எதுவும் பேசவில்லை. சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே தேனீ ஒன்று எழும்ப முடியாமல் கிடந்தது, பாட்டிலில் இருந்த தேனில் ஒரு சொட்டு வைத்தேன், காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது என்றாய்.

உன்னால் அது சாகவில்லை. இறகின் ஓரம் கிழிந்திருந்தது என்று சொன்னாயே, அது உழைத்துத் தேய்ந்த தேனீ. மேய்ச்சல் காலத்தில் வேலைக்காரத் தேனீக்கு ஆயுசே 6 வாரம்தான். நானே பக்கத்தில் இருந்திருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

நீ சொன்ன பருமனைப் பார்த்தால் அது மலைத்தேனீ. உங்கள் பெங்களூரில் மாடிக் கட்டடங்களின் பால்கனிக்கு அடியில் ஒற்றை அடையாகப் பெரிசாகத் தொங்குமே, அந்தக் கூட்டுக்காரி. நாம் பெட்டி வைத்து வளர்க்கிற அடுக்குத் தேனீ இருட்டினால் அடங்கிவிடும். மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் மேயப் போகும். விளக்கைக் கண்டால் உள்ளே வந்து அதையே சுற்றிச் சுற்றி, வயிற்றில் இருந்ததெல்லாம் தீர்ந்ததும் விழுந்துவிடும். அதனால் அடுத்த முறை முதலில் விளக்கை அணை, ஜன்னலைத் திற.

இனி, தேன் விஷயம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தேனீக்குத் தேன் வைக்காதே மக்களே. கடைத் தேன் எந்தக் கூட்டில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? அதில் இருக்கும் நோய்க்கிருமி நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் குடித்த தேனீ கூட்டுக்குத் திரும்பினால் வாயோடு வாய் வைத்துத்தான் மற்றவைகளுக்கு ஊட்டும். 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நம் மார்த்தாண்டம் பக்கம் வந்தபோது நீ பிறக்கவில்லை. புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே தண்ணீர்ப் பை போலாகிச் செத்தன. என்னிடம் 40 பெட்டி இருந்தது, மிஞ்சியது 3. காலையில் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பேன். இரைச்சலே இருக்காது. அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் ஒரு சொட்டுத் தேன் என்றாலும் எனக்குப் பயம்.

தேனுக்குப் பதில் வெள்ளைச் சீனி 2 கரண்டி, தண்ணீர் 1 கரண்டி, நன்றாகக் கலக்கிக்கொள். கருப்பட்டி நல்லதாயிற்றே என்று உன் அம்மா சொல்வாள். அது தேனீயின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து அதன் முகத்துக்கு முன்னால் வை. மேலே ஊற்றிவிடாதே, உடம்பின் பக்கவாட்டில் இருக்கிற சிறு துளைகளால்தான் அது மூச்சு விடுகிறது. பசி இருந்தால் நாக்கை நீட்டி உறிஞ்சும். அதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

குடித்ததும் உடனே பறக்காது. உடம்பு சூடேற வேண்டும். சிறகை அசைக்காமலே உள்ளே தசையை மட்டும் நடுக்கிச் சூடாக்கிக்கொள்ளும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே. வெறுங்கையால் தொடவும் வேண்டாம். மலைத்தேனீ கொட்டினால் தாங்க மாட்டாய், கொட்டிய இடத்து வாசனைக்கு மற்றவையும் வரும். தம்ளரால் மூடி, அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து எடு. ராத்திரியானால் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்திருந்து, விடிந்ததும் வெயில் படுகிற செடியில் விடு. பிறகும் குடிக்கவில்லை என்றால் அதன் பாட்டுக்கு விட்டுவிடு.

மேல்மாடிக் கூட்டுக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிடப் போகிறார்களாம் என்றாயே. பருவம் மாறினால் அவை தாமாகவே இடம் பெயர்ந்துவிடும் என்று அவர்களிடம் சொல்லிப் பார். நான் பேச வேண்டுமென்றால் போனைக் கொடு.

இங்கே ரப்பர் தளிர் விட்டிருக்கிறது. இலைக்காம்பில் தேன் சுரக்கத் தொடங்கிவிட்டது. மழைக்காலம் முழுக்கச் சிரட்டையில் சீனித்தண்ணி வைத்துக் காப்பாற்றிய பெட்டிகள், நேற்றிலிருந்து அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா