நாலு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்ன 5.9 இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.7 முதல் 6.4 வரை என்றால் சுகர் வருவதற்கு முந்தைய கட்டம், இப்போதே கவனித்தால் இறக்கிவிடலாம் என்று உன் டாக்டரே சொல்லிவிட்டார். சாப்பாடும் நடையும் அவர் சொன்னபடியே இருக்கட்டும், அதில் நான் தலையிடப் போவதில்லை. மனசில் தங்கியது அப்புறம் நீ சொன்னதுதான். “காலையிலும் மத்தியானமும் சமாளிச்சிடறேன்ப்பா. சாயங்காலம் நாலு மணி ஆனா ஏதாவது இனிப்பா கடிச்சே ஆகணும்போல இருக்கு.” அந்த நாலு மணி எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாக அதோடுதான் குடித்தனம்.

எனக்குக் கை கொடுத்த ஒன்றை உனக்கும் சொல்லித் தருகிறேன். சர்க்கரையே சேர்க்காமல் பாகு பூசிய பாதாம். பதினைந்து நிமிஷம் அடுப்படியில் நின்றால் ஏழு தடவைக்கு ஆகும். கடித்தால் படக்கென்று உடையும், வாயில் இனிப்பு நிற்கும், உள்ளே பருப்பு இருப்பதால் வயிறும் அடங்கும்.

நான் இதில் இரண்டு தடவை தோற்றேன். அந்த இரண்டும் தெரிந்தால் நீ தோற்க மாட்டாய்.

முதல் தடவை ஸ்டீவியா என்ற சீனித்துளசிப் பொடி பாக்கெட்டை வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்து, பாகு ஆகும் என்று காத்திருந்தேன். தண்ணீர் வற்றியது, பாகு வரவில்லை. ஸ்டீவியாவின் இனிப்புச் சத்து சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கக்கூடியது. அதனால் சிட்டிகை அளவே போதும். ஆனால் ஒரு வாணலி பருப்பின் மேல் போர்வை மாதிரி படிய, நாக்குக்கு இனிப்பு மட்டும் இருந்தால் போதாது, கையில் அள்ளும் அளவுக்குப் பொருள் வேண்டும். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பார்த்தபோது, அதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள். அது ரத்தத்தில் சர்க்கரையைச் சரசரவென்று ஏற்றும். முன்பக்கம் கொட்டை எழுத்தில் சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் கூடையில் போடாதே, பாப்பா. மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தாலும் வைத்துவிட்டு வா. சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் ஏற்றத்தான் செய்யும். தேனும் பேரீச்சம்பழப் பாகும் நல்ல பொருள்கள்தான், ஆனால் இரண்டிலும் இருப்பது சர்க்கரையே. இந்தக் கணக்கில் அவை வராது.

இரண்டாவது தடவை சரியான பொருளை வாங்கினேன், எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று. பார்வைக்குச் சர்க்கரை மாதிரியே குருணையாக இருக்கும். இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம்தான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. உடம்பு அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, எரிக்காமல் அப்படியே சிறுநீரில் வெளியே அனுப்பிவிடும். பொருள் சரி, நான் செய்த விதம்தான் தப்பு. கம்பிப் பதம் வரட்டும், பொன்னிறம் வரட்டும் என்று கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவே வராது. சர்க்கரை 160 டிகிரிக்கு மேல் சூடேறி நிறம் மாறிக் கேரமல் ஆகும். எரித்ரிட்டால் 120 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், ஆனால் சிவக்காது, கம்பியும் விடாது. நான் நிறத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் உள்ளே பாதாம் கருகி, அரைக் கிலோவும் கசந்துவிட்டது. சர்க்கரையிடம் எதிர்பார்த்ததை இதனிடம் எதிர்பார்த்ததுதான் என் பிழை. இதற்கு வேறு அடையாளம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள். பாதாம் 200 கிராம், எரித்ரிட்டால் 50 கிராம், தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பட்டைத்தூள் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். எரித்ரிட்டாலை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் பொடியாக்கிக்கொள், பூச்சு நரநரவென்று இல்லாமல் இருக்கும். மிக்ஸி மூடியை உடனே திறக்காதே, தூள் பறந்து மூக்கில் ஏறும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தட்டில் பட்டர் பேப்பர் விரித்துப் பக்கத்தில் வைத்துவிடு. கடைசி நிமிஷத்தில் தேட நேரம் இருக்காது.

முதலில் வெறும் வாணலியில் பாதாமைப் போட்டு, மிதமான தீயைவிடக் கொஞ்சம் குறைத்து, ஐந்தாறு நிமிஷம் கைவிடாமல் வறு. வாசனை வந்து, ஒன்றிரண்டு படபடவென்று வெடிக்கும்போது தட்டில் கொட்டிவிடு. இந்த வறுவலைச் சோம்பல்பட்டு விடாதே. பருப்பில் ஈரம் இருந்தால் மேலே எவ்வளவு நன்றாகப் பாகு ஏறினாலும் மறுநாள் நமுத்துவிடும். ஆறவும் விடாதே. ஆறிப்போன பருப்பைப் பாகில் போட்டால் பாகு உடனே இறுகிக் கட்டிகட்டியாகிவிடும்.

அதே வாணலியில் எரித்ரிட்டாலையும் தண்ணீரையும் ஊற்று. ஒரு நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி கரைந்துவிடும். வெண்ணெயும் உப்பும் சேர். முதலில் குமிழிகள் சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக வெடிக்கும். கொஞ்ச நேரத்தில் அவை பெரிதாகி, வெடிக்க யோசிக்கிற மாதிரி மெதுவாகும். அதுதான் நேரம். வறுத்த பாதாமைக் கொட்டி, தீயைக் குறைத்து, கிளற ஆரம்பி.

இனி நடப்பதைக் கண் எடுக்காமல் பார். முதல் ஒரு நிமிஷம் பருப்பெல்லாம் ஈரமாகப் பளபளவென்று வழுக்கும். அப்புறம் கரண்டி கொஞ்சம் கனக்கும். திடீரென்று எல்லாம் வெளுத்து, மாவில் புரட்டியது மாதிரி ஆகி, வாணலியின் அடியில் மணல் மணலாக உதிரும். கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும், அடுப்பை அணைத்துவிடாதே. தண்ணீர் முழுக்க வற்றி எரித்ரிட்டால் மறுபடி குருணையாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சின்னத் தீயிலேயே இன்னும் ஒன்றரை நிமிஷம் கிளறு. அடியில் கிடந்த மணல் மெல்ல உருகிப் பருப்பின் மேல் ஏறும். ஒவ்வொரு பாதாமின் ஓரத்திலும் மெழுகு தடவியது மாதிரி மினுமினுப்பு வரும். பாதிக்கு மேல் மினுங்கியதும் பட்டைத்தூளைத் தூவி, இரண்டு புரட்டு புரட்டி, அணைத்துவிடு. முழுக்க மினுங்கட்டும் என்று ஆசைப்பட்டால் பருப்பு கருகும். பட்டைத்தூளை முதலிலேயே போட்டாலும் கசக்கும்.

உடனே பட்டர் பேப்பரில் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் முள்கரண்டியால் பிரித்துவிடு. கையால் தொடாதே, ருசி பார்க்க வாயில் போடவும் போடாதே. சூடான பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீர் பட்டதைவிட மோசமாகப் பொத்துவிடும். இருபது நிமிஷம் ஆறட்டும். ஆறும்போது மறுபடி லேசாக வெளுக்கும், அது அதன் இயல்பு. ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டுப் பார், கூழாங்கல் விழுந்த மாதிரி டக்கென்று சத்தம் வந்தால் சரியாக வந்திருக்கிறது. ஒட்டிய வாணலியைச் சுரண்டாதே, தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் தானாகக் கரைந்துவிடும்.

வாயில் போட்டதும் நாக்கில் ஒரு குளிர்ச்சி தெரியும், புதினா மிட்டாய் சாப்பிட்ட மாதிரி. எரித்ரிட்டால் எச்சிலில் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் அப்படி. எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பட்டையோடு ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பார், அந்த உறைப்பில் குளிர்ச்சி அமுங்கிவிடும். உப்பையும் குறைக்காதே. இந்த இனிப்பு கொஞ்சம் தட்டையானது, உப்புதான் அதைத் தூக்கிக் கொடுக்கிறது.

அல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரை மாற்று கிடைத்தால் எரித்ரிட்டாலில் 15 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் அதைச் சேர். அது சர்க்கரையைவிடச் சீக்கிரமாகவே சிவக்கும், நீ விரும்பும் அந்தக் கேரமல் நிறமும் வாசனையும் அதனால்தான் வரும். ஆனால் அதை மட்டுமே போட்டால் பூச்சு இறுகாமல் பிசுபிசுவென்று இருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் கருகியும் விடும். எனக்கு இந்தக் கலவைதான் பிடித்திருக்கிறது. சைலிட்டால் சர்க்கரைக்குச் சமமாக இனிக்கும் என்று யாராவது உனக்குச் சொல்லலாம், சொல்வதும் உண்மை. ஆனால் உன் வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. சைலிட்டால் கொஞ்சம் உள்ளே போனாலே நாய்க்கு ரத்தச் சர்க்கரை படுவேகமாக இறங்கிவிடும், ஈரலும் கெடும். தரையில் சிந்திய ஒரு பாதாம் கூட ஆபத்து. அது உன் வீட்டு வாசலுக்கே வர வேண்டாம்.

பாதாமுக்குப் பதில் முந்திரியும் போடலாம், ஆனால் 100 கிராம் முந்திரியில் மாவுச்சத்து 30 கிராம் வாக்கில் இருக்கிறது, வால்நட்டில் அதில் பாதிதான். உன் கணக்குக்கு வால்நட் நல்லது. அதன் தோல் கொஞ்சம் கசக்கும் என்பதால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்து, ஈரம் போகும்வரை கூடுதல் நேரம் வறுத்துக்கொள். சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், ஃப்ரிட்ஜில் வை. பாதாம் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வெளியிலேயே இருக்கும்.

இனி நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறியதும் முழு டப்பாவையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்காராதே. ஏழு சின்ன டப்பா எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி போட்டு வை. ஒரு கைப்பிடி என்றால் 30 கிராம் வாக்கில், இருபது இருபத்திரண்டு பாதாம். அதற்கே 170 கலோரிக்கு மேல் ஆகிறது. சர்க்கரை இல்லை என்பதால் எடை ஏறாது என்று அர்த்தம் இல்லை. ஒரு பங்கில் எரித்ரிட்டால் 7 கிராம்தான் வரும், அதை வயிறு தாங்கும். மொத்தத்தையும் ஒரே நாளில் தின்றால் வயிறு உப்பிப் பேதியாகிவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2023-ல் நேச்சர் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக அதில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. எரித்ரிட்டாலை நம் உடம்பே கொஞ்சம் தயாரிக்கவும் செய்கிறது. ஆனாலும் நான் அதைப் படித்த பிறகு தினமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் இது, மற்ற நாள் வெறும் வறுத்த பாதாமும் உப்பும். நீயும் அப்படியே வைத்துக்கொள். உன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அப்புறம், ஒவ்வொரு தடவையும் எரித்ரிட்டாலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வா. நான் 50 கிராமில் ஆரம்பித்து இப்போது 30-ல் நிற்கிறேன். பூச்சு மெல்லியதாகிவிட்டது, ஆனால் இப்போது 50 கிராம் போட்டதை வாயில் வைத்தால் எனக்குத் திகட்டுகிறது. நாக்கு பழகிக்கொள்ள இரண்டு மாதம் போல ஆனது. உனக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தானே, அதற்குள் உன் நாக்கும் பழகிவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பார். எல்லாம் எடுத்து வைத்ததும் எனக்கு வீடியோ கால் போட்டு, போனை அடுப்புக்கு எதிரே சாய்த்து வைத்துவிடு, அந்த மணல் மாதிரி ஆகிற இடத்தில் நான் கூடவே இருக்கிறேன். பாதாம் வாணலியில் இறங்கிய பிறகு மட்டும் என்னைப் பார்த்துப் பேசாதே. நான் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம், கண்ணை வாணலியில் வைத்துக் கிளறிக்கொண்டே இரு. பட்டர் பேப்பரில் பரப்பிய பிறகு பேசலாம்.

அன்புடன்,
அப்பா