சட்டையை உதறினால் விழும் பஞ்சு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். பாப்பாவும் மாப்பிள்ளையும் போன ஞாயிறு வந்து போனார்கள். போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால் நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாக நானே போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். மூலையில் எண் போட்டிருக்கிறேன். வரிசை மாறி வந்தால் எண்ணைப் பார்த்துப் படித்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு. ராத்திரியில் வண்டி ஓட்டாதே. தனியாக ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வந்தால் தட்டி எழுப்ப ஆள் கிடையாது. பல்லடம் மாமனுக்கு நடந்தது உனக்குத் தெரியும்.

நீ குரூப்பில் போடும் படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். திங்கட்கிழமை சிக்கமாகா. செவ்வாய்க்கிழமை அலபாமா. புதன்கிழமை ஷைலோவும் காரிந்தும். படத்தின் கீழே ஒரு வார்த்தை கிடையாது. எந்த ஊர் என்றுகூட நீ சொல்லவில்லை. பலகையில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்து, பேரனைத் தேடித் தரச் சொல்லி, தமிழில் கிடைத்ததைத் தமிழிலும் இல்லாததை அவன் சொல்லக் கேட்டும் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் ஒரு படம் போட்டால் பத்து வரி எழுதுவாய். கிராண்ட் கேன்யன் போனபோது நீ எழுதியதை ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியவன் நான்.

அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1863 செப்டம்பரில் சிக்கமாகாவில் மூன்று நாள் சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்து 34,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போயிருக்கிறார்கள். இப்போது புல்வெளியும் பீரங்கியும் மரமுமாக, பார்க்கப் பூங்கா மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வண்டி சீட்டின் மேல் ஒரு காகிதப் பையில் வேகவைத்த கடலை வைத்திருந்தாயே, அதைத்தான் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓடு கறுத்து, பையின் அடிப்பாகம் உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது. "நம்ம பச்சைக் கடலைதானுங்க"ன்னு சொல்லிவிட்டு, "ஏனுங்க, இதுதான் மத்தியானச் சாப்பாடா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த நாள் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாய். ஒரு கறி, மூன்று காய் என்று தட்டில் எடுத்துக்கொள்ளும் கடையாமே. வெண்டைக்காயை மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்திருக்கிறார்கள். பக்கத்தில் தட்டைப்பயறு, கீரை, மக்காச்சோள ரொட்டி. வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஜனங்களோடு அந்த மண்ணுக்கு வந்தவை என்று பேரன் படித்துச் சொன்னான். கட்டிய துணியைத் தவிர எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களின் சாப்பாட்டை இன்றைக்கு ஊரே சாப்பிடுகிறது. கீரையில் பன்றிக்கறி போட்டு வேகவைப்பார்கள் என்று பாப்பா சொன்னதும் அம்மா முகம் சுளித்தாள். நீ சாப்பிடு. எதையாவது வயிறு நிறையச் சாப்பிடு.

அலபாமாவில் நீ எடுத்த பஞ்சுக்காட்டுப் படத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வானம் முட்டும் வரை வெள்ளை. உருளை உருளையாகச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் போட்டு ஓரத்தில் உருட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேலாமே. மில்லில் பஞ்சு சீவும் கார்டிங் பிரிவில் இருபத்தொரு வருஷம் நின்றவன் நான், பஞ்சைப் பார்த்தால் கை தானாக நீளும். ஒரு காயைப் பறித்து, இழையை விரலில் இழுத்து எவ்வளவு நீளம் என்று பார்த்தாயா? சின்ன வயதில் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பஞ்சுக்காகத்தான் பாதிச் சண்டையே. 1860இல் அந்த நாட்டில் சுமார் நாற்பது லட்சம் பேர் அடிமைகள், அதில் மிகப் பலர் பருத்திக் காட்டில். தெற்கத்தி முதலாளிகள், எங்கள் பஞ்சு இல்லாமல் உலகமே ஓடாது என்று நினைத்தார்கள். வடக்குக் கப்பல்கள் துறைமுகங்களை அடைத்ததும், எங்கேயோ இங்கிலாந்தில் லங்காஷயர் மில்கள் நின்றன. லட்சக்கணக்கான மில்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். நம் நாட்டுப் பஞ்சைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இழை குட்டை, அங்குள்ள மிஷினில் அறுந்து அறுந்து போனது. அந்த மில்காரன் என்ன தப்பு செய்தான் கண்ணு? அவன் ஷிஃப்டுக்கு நேரத்துக்குத்தான் போனான், நூல் ஒழுங்காகத்தான் ஓட்டினான். கடலுக்கு அப்பால் யாரோ எடுத்த முடிவு அவன் அடுப்பை அணைத்தது. வேலை போனதை அவன் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரியில் ஓட்டாதே என்று சொன்னேனா? மான் குறுக்கே பாயுமாமே.

ஒண்ணாம் தேதி பணம் வந்துவிட்டது. எப்போதும் போல அதே தொகை. நான் எடுக்கவில்லை, பேங்கிலேயே இருக்கிறது. இந்த மாதம் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதமும் வேண்டாம். எங்களுக்கு ரேஷன் இருக்கிறது, மேல் வீட்டு வாடகை வருகிறது, போதும். பாப்பா கல்யாணக் கடனைத் தனியாளாக அடைத்தவன் நீ. அதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அம்மா கண் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பினாயே தவிர அன்றைக்கு முழுதும் போன் எடுக்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை ஏதோ விசா, அறுபது நாள் என்று பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் காபி டம்ளரோடு உள்ளே போனதும் நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஷைலோ பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெயருக்கே அமைதியான இடம் என்று பொருள் சொல்கிறார்கள், அங்கேயிருந்த மரச் சர்ச்சின் பெயர். 1862 ஏப்ரல் 6, 7 இரண்டே நாளில் 23,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். நீ ஒரு நினைவுக்கல்லின் முன்னால் நின்று எடுத்திருக்கும் படம், ஜெனரல் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன் என்பவருடையது. தெற்குப் படையின் தலைவர். முழங்காலுக்குப் பின்னால் குண்டு பட்டிருக்கிறது. குதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். ரத்தம் பூட்ஸுக்குள்ளேயே இறங்கியதால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. கூட இருந்த டாக்டரை, அடிபட்ட மற்றவர்களைப் பார்க்கச் சொல்லி அவரே அனுப்பிவிட்டிருந்தார். சேணத்தில் சாய்கிறபோதுதான் பக்கத்திலிருந்தவர் அடிபட்டதா என்று கேட்டிருக்கிறார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ரத்தத்தை நிறுத்தும் கட்டுப்பட்டை அவர் பையிலேயே இருந்ததாம்.

பையிலேயே இருந்தது, செந்தில். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் வடக்குப் படையின் ஜெனரல் கிராண்ட். அவர் கதையை நீ கட்டாயம் படி. பட்டாள வேலையை விட்டுவிட்டு, விவசாயம் பார்த்து நொடித்து, செயின்ட் லூயிஸ் தெருவில் விறகு விற்றார். 1860இல், 38 வயதில், அப்பாவின் தோல் கடைக்கு வேலைக்குப் போனார். தம்பிகள் கவனித்துக்கொண்டிருந்த கடை. மூன்று வருஷம் கழித்து, தெற்குப் படையிடம் இருந்த விக்ஸ்பர்க் ஊரைப் பிடித்தார், அப்புறம் நாட்டுக்கே ஜனாதிபதி. அப்பா கடைக்குத் திரும்பிப் போனதை யாராவது குறைவாகப் பேசினார்களா என்று தெரியவில்லை, பேசியிருந்தாலும் அவர்கள் பெயர் இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. மேல் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. சும்மா சொல்கிறேன். கல்யாணப் பேச்சை நான் எடுக்க மாட்டேன், அம்மாவையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

காரிந்தில் நீ சாப்பிட்ட அந்த ஸ்லக் பர்கர், கறி வாங்க முடியாத காலத்தில் மாவு கலந்து பெருக்கி ஐந்து சென்டுக்கு விற்றதாமே. ஒரு காகிதத்தட்டு, கடுகுச் சாந்து, வெங்காயம், பக்கத்தில் உன் கை. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டிலும் ஒரு முட்டையை நூல் வைத்து நாலாக அறுத்த காலம் உனக்கு நினைவிருக்கும்.

நினைவிருக்கும் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இத்தனை பக்கம் சுற்றி வந்தது அங்கேதான் போல.

நீ ஆறாம் வகுப்பு. மில்லில் நாற்பது பேரை நிறுத்தினார்கள், அதில் நானும் ஒருவன். மில் ஓடிக்கொண்டிருந்தது, சங்கு ஊதிக்கொண்டிருந்தது, அதனால் வீட்டில் சொல்லாமல் இருக்க முடிந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, சிங்காநல்லூர் குளக்கரையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அரை நாள் பள்ளிக்கூடம் விட்டு நீ பசங்களோடு மீன் பிடிக்க வந்தாய். என்னைப் பார்த்துவிட்டாய். கையில் தூண்டில் குச்சி. "ஏப்பா இங்க இருக்கீங்க?" என்று கேட்டாய். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தயிர்சாதத்தில் பாதியை மூடியில் போட்டுக் கொடுத்து, "அம்மாகிட்டச் சொல்லீறாத கண்ணு" என்றேன்.

நீ சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என்னிடம், ஷிஃப்ட் எப்படிப் போச்சு என்று கேட்டபோது நீ வீட்டுப்பாட நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு தினமும் அவள் கேட்கும்போதெல்லாம் குனிந்துகொண்டாய். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே நான் பொய் சொன்னேன். பல்லடம் மாமன் கழிவுப்பஞ்சு கோடவுனில் வேலை கொடுத்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பதினோரு வயதுப் பிள்ளை மேல் அதைத் தூக்கி வைத்துவிட்டு, இறக்கி வைக்கவே இல்லை. கஷ்டம் வந்தால் வீட்டுக்குத் தெரியாமல் வெளியே போய் உட்கார்ந்துகொள்வதுதான் ஆம்பளை வழக்கம் என்று உனக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். என்னை மன்னித்துவிடு செந்தில்.

இன்னொன்று. நேற்று ராத்திரி அம்மா உன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணாம் நாளே எனக்குத் தெரியுமுங்க. சட்டைய ஒதறுனா பஞ்சே விழலீங்களே." இத்தனை வருஷம் அவளும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஊறுகாயைக்கூட மறக்கவில்லை. அதைக் கேட்டபிறகும் நான் அவளுக்குத் தெரியாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன் பார்.

நீ நாளைக்கு விக்ஸ்பர்க் போவாய் என்று நினைக்கிறேன். 47 நாள் முற்றுகை. ஊர்ஜனங்கள் மண்மேட்டைக் குடைந்து குகைக்குள் குடியிருந்து, கடைசியில் கோவேறு கழுதைக்கறி தின்றார்கள். காகிதம் தீர்ந்து சுவரில் ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் பத்திரிகை அச்சடித்தார்கள். இலினாய் மண்டபத்தில் நாளுக்கு ஒன்றாக 47 படி இருக்கிறதாம், ஏறிப் பார். நாச்செஸ் டிரேஸ் சாலையில்தான் போவாய் என்றால், அதில் லாரி கிடையாது, ஆனால் பெட்ரோல் பங்கும் கிடையாது. மொத்தம் 444 மைல். வழியில் டுபெலோ ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடு.

சேர்ந்ததும் போன் செய். உனக்கு ராத்திரி எட்டு மணி என்றால் எங்களுக்குக் காலை ஆறரை, முழித்துத்தான் இருப்போம். நீ கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறேன், தனியாகப் பேசலாம்.

இல்லை, வேண்டாம். அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும். ஸ்பீக்கரிலேயே போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா