ஆர்பிஎம் முள் என்ன செய்தது என்று முதலில் கேளுங்கள்: திருகோணமலை கராஜ் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியாப் பக்கங்களிலும் கராஜ் நடத்தும் பாஸ்மாருக்கும், ஓட்டோ எலக்ட்ரிக் வேலை செய்யும் தம்பிமாருக்கும் வணக்கம்.

சிவிக், ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபியஸ்டா எஸ்டி மாதிரியான சின்ன வேகக் கார்களைப் பந்தய ட்ராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று போய்க் கட்டுகுறுந்த ஓடுபாதை வரைக்கும் ஒரு குறையும் காட்டாத கார், ட்ராக்கில் நாலைந்து சுற்று அடித்ததும் சட்டென்று கட் ஆகும். கொஞ்சம் ஆறவிட்டால் ஸ்டார்ட் எடுக்கும். திரும்பி ஊருக்கும் ஒழுங்காக ஓடி வரும். கராஜில் நிற்கும்போது ஐடிலும் சரி, ரேஸ் கொடுத்தாலும் சரி, ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் பெற்றோல் பம்ப் மாறும். அடுத்த முறை பிளக்கும் கொயிலும். அதற்கும் அடுத்த முறை ஏதாவது ஒரு சென்சர். காசு போனது ஒரு பக்கம். எதை மாற்றி எது மாறியது என்ற கணக்கே குழம்பிப் போகிறது என்பதுதான் பெரிய கரச்சல். மாற்றிய பாகமே புதுப் பிழையைக் கொண்டுவந்து விடுவதும் உண்டு.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பு, கட் ஆன நேரம் ஆர்பிஎம் முள் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) என்ன செய்தது என்று ஓட்டினவரிடம் கேளுங்கள்.

கியரில், கிளட்சை மிதிக்காமல் கார் உருண்டுகொண்டிருக்கும் வரை சில்லுகள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் சுற்றும்போதே முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால், சுற்றுகிறது என்ற செய்தியே எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் போகவில்லை, அல்லது ஈசியூவுக்கே கரண்ட் இல்லை. கிராங்க் சென்சர் (எஞ்சின் சுற்றுவதை உணர்வது), இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே (ஈசியூவுக்கும் பம்புக்கும் கரண்ட் விடுவது), எர்த், கட்-ஆஃப் சுவிட்ச் இவற்றில் ஒன்று. பெற்றோல் பம்பைத் தொடவே தேவையில்லை. முள் விழாமல் காரின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் கிராங்க் செய்தி உயிரோடு இருக்கிறது. பெற்றோல் பக்கமும், எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் பக்கமும் பார்க்கலாம். ஆனால் அதோடு பெற்றோல்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பிளக்குக்கு மேலேயே கொயில் உள்ள கார்களில், கொயில்களுக்குப் போகும் கரண்ட் மட்டும் அறுந்தாலும் முள் ஒழுங்காகவே காட்டும். பழைய ஹொண்டாவில் கதை வேறு: முள்ளுக்கான சிக்னல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுவது) இருக்கும், பொறியை இயக்கும் இக்னைட்டரில் இருந்து வருவதால், அது சூட்டில் செத்தால் முள்ளும் கூடவே விழும்.

முள்ளைப் பார்க்கும் நிதானம் ஓட்டுபவருக்கு அந்த நேரம் இருக்காது. ஆகவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள மீற்றர்கள் தெரியும்படி ஒரு போனைப் பூட்டி வீடியோ எடுத்துக்கொண்டு வருவது எங்கள் பொறுப்பு. எந்த விளக்கு எப்போது எரிந்தது என்பதும் அதில் இருக்கும். விலை கூடிய ஸ்கேனர் சொல்லாததை இந்த வீடியோ பல தடவை சொல்லும்.

இனிப் பெற்றோல் பக்கம். கேட்க வேண்டியது மூன்று: எந்த வளைவு, டேங்கில் எவ்வளவு இருந்தது, ஓடத் தொடங்கி எவ்வளவு நேரம்? ஒரே பக்கத்து நீள வளைவில், டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது, வளைவு முடிகிற இடத்தில் ஒன்றிரண்டு செக்கன் மூச்சடைத்துப் பிறகு சரியாகிறது என்றால், பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பின் வாய் காற்றை இழுக்கிறது. டேங்கை நிரப்பி அதே வளைவில் மறுபடி ஓடிப் பார்த்தால் தீர்ந்தது. நிரப்பியதும் குறை இல்லாமல் போனால் பம்பில் பிழையில்லை.

இந்தக் குறை பம்ப் மாற்றிய பிறகே தொடங்கியது என்றால், தயவுசெய்து டேங்கை மறுபடி திறவுங்கள். கொம்பனிப் பம்ப் ஒரு சின்ன வாளிக்குள் இருக்கும். அந்த வாளியை எப்போதும் நிரப்பி வைப்பதற்குப் பல கார்களில் ஒரு ஜெட் குழாயும் உண்டு. கடையில் வாங்கும் பொதுப் பம்பை அதற்குள் சரியாக இருத்தாமல் விட்டாலோ, ஜெட் குழாயைத் திருப்பிப் பூட்டாமல் விட்டாலோ, டவுனுக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது, ட்ராக்கில் தெரியும். அதைவிட மோசமானது, பம்புக்கும் மூடிக்கும் இடையில் போகும் விரலளவு ஹோஸ். வெளியே பாவிக்கிற சாதாரணப் பெற்றோல் ஹோஸ் உள்பக்கம் பெற்றோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் பெற்றோலில் ஊறினால் சில மாதங்களில் உப்பி, மெதுவாகி, கிளிப்பில் இருந்து நழுவும். பிரஷர் உள்ளேயே கசிந்துவிடும். டேங்குக்குள் போடுவதற்கென்று செய்த ஹோஸில் ‘எஸ்ஏஈ ஜே30 ஆர்10’ என்று அச்சடித்திருக்கும். அது இல்லையென்றால் வேலையை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், கார் நிற்கட்டும்.

வளைவு நேர்ப்பாதை என்றில்லாமல், 15, 20 நிமிடம் ஓடிய பிறகு பவர் குறைந்து கொண்டே போய் நின்றால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. புழுதி, குளவிக் கூடு எதுவாகவும் இருக்கலாம். செலவில்லாத சோதனை, பம்பைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது.

பம்பின் வோல்ட்டைப் பற்றரியோடு ஒப்பிடாமல் தனியாக அளப்பதில் பயனில்லை. எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ரேடியேற்றர் ஃபேனும் வேலை செய்யும்போது, கொனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கத்தால் ஊசி விட்டு அளவுங்கள். பற்றரியில் 13.8 இருந்தால் பம்பில் 13.3க்குக் குறையக் கூடாது. 12 அளவில் நின்றால் அந்த மிச்ச வோல்ட்டை ரிலேயோ வயரோ எர்த்தோ விழுங்குகிறது. புதுப் பம்பும் அதே பட்டினியில்தான் ஓடும். சில புதிய கார்களில் பம்பை ஒரு கன்ட்ரோலர் துடிப்புத் துடிப்பாக இயக்குவதால் மல்ட்டி மீற்றர் காட்டும் எண் அங்கே ஏமாற்றும் என்பதையும் கவனியுங்கள்.

பிரஷர் சரியாக இருந்தாலும் அளவு போதாமல் இருக்கலாம். இகே9 சிவிக்கின் (முதல் சிவிக் டைப் ஆர்) 185 குதிரைவலு எஞ்சின் முழு த்ரொட்டிலில் மணிக்கு ஏறத்தாழ 55 லீற்றர் குடிக்கும். 30 செக்கனுக்கு அரை லீற்றரை அண்டி வருகிறது. ரிட்டர்ன் லைனை (மிஞ்சிய பெற்றோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) கழற்றி, அளவு போட்ட கானில் 30 செக்கன் விட்டு, முக்கால் லீற்றராவது வந்தால்தான் அந்தப் பம்பை நம்பலாம். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ஓடும்போது பிரஷரைப் பார்க்க வேண்டுமானால் மின் சென்சர் பூட்டுங்கள். பெற்றோல் குழாயைக் காருக்குள் கொண்டுவந்து மீற்றர் வைப்பது ஒருபோதும் வேண்டாம். இன்னொன்று: புகையில் உள்ள ஒக்சிஜனைப் பார்க்கும் லாம்ப்டா மீற்றர் ‘லீன்’ (காற்று கூட, பெற்றோல் குறைவு) என்று காட்டியதை வைத்துப் பெற்றோல் குறைவு என்று சொல்லிவிட முடியாது. பொறி விழாவிட்டாலும் எரியாத ஒக்சிஜன் அப்படியே வெளியே வருவதால் சென்சருக்கு அதுவும் லீன்தான்.

பெற்றோலின் தரத்தைக் குறைசொல்வது இங்கே ஒரு பழக்கமாகிவிட்டது. 95க்குப் பதில் 92 அடித்தால் ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பவர் குறையும். எஞ்சின் கட் ஆகாது. தண்ணீர் கலந்திருக்கும் என்ற சந்தேகம் என்றால் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாமல் வையுங்கள், தண்ணீர் அடியில் நிற்கும்.

எங்கள் ஊர்க் கார்களுக்கு என்று சொந்தமான நோய் உப்புக் காற்று. துரு எங்கே பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பளபளவென்று கழுவிய எஞ்சின் அறையில், எர்த் லக்கின் (வயர் நுனி வளையத்தின்) அடிப்பக்கம்தான் பச்சை பூத்துக் கிடக்கும். கண்ணால் பார்த்து ‘எர்த் ஓகே’ என்று சொல்லாமல் வோல்ட் இழப்பை அளவுங்கள். ஒரு ஊசி பற்றரி நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல), மற்றது எஞ்சின் பிளொக்கில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, எல்லா லைட்டையும் போட்டு, ஈசியூவின் எர்த் வயரில் அளந்தால் 0.1க்குள் இருக்க வேண்டும். பி வரிசை ஹொண்டா எஞ்சின்களில் ஈசியூவின் எர்த் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஒரு சின்னப் போல்ட்டில் பூட்டியிருக்கும். ரேடியேற்றர் வேலை செய்தவர் அதைக் கழற்றி, கூலன்ட் ஈரத்தோடு அப்படியே திருப்பிப் பூட்டியிருந்தால் பிழை தேடிக் களைத்துப் போவீர்கள். வயரை வெட்டும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால், மினுங்கும் இடம் வரை வெட்டி, கிரிம்ப் அடித்துச் சுருங்கும் குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ட்ராக்கின் அதிர்வுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.

சூட்டில் மட்டும் வரும் பிழைகளைச் சூடாக்கித்தான் பிடிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக்கு முந்திய சிவிக் என்றால் முதல் சந்தேகம் டாஷ்போட்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே. அதன் ஈயப் பற்றுகளில் மோதிரம் மாதிரி வெடிப்பு விழும். சூடானால் விலகும், குளிர்ந்தால் ஒட்டும். கச்சான் காலத்து வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய சிவிக் ஸ்டார்ட் எடுக்காமல், கதவைத் திறந்து ஆறவிட்டதும் எடுக்குமானால் இதுதான். சாவியைப் போட்டதும் பம்ப் இரண்டு செக்கன் ஊளையிட வேண்டும். செக் எஞ்சின் விளக்கு அணைந்தும் பம்ப் சத்தம் இல்லையென்றால் ரிலேயைத் திறந்து ஈயம் ஊற்றுங்கள், புதிது தேட வேண்டியதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றும்போது உள்ளே செம்மஞ்சள் துருப்பொடி கிடந்தால் பெயரிங் போய்விட்டது. இக்னைட்டரை மட்டும் மாற்றிப் பலனில்லை.

கிராங்க் சென்சரும் அதே குணம்தான்: சூட்டில் சாகும், அரை மணியில் பிழைக்கும், பல தடவை ஈசியூவில் பிழைக் கோட் எண்ணும் விழாது. விழுந்தால் பி0335. கட் ஆன உடனே சென்சரின் மேல் ஒரு போத்தல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் எடுத்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. இரண்டு வயர்ச் சென்சர் என்றால் குளிரிலும், ஹேர் ட்ரையரால் சூடாக்கியும் ஓம் அளந்து ஒப்பிடலாம். மூன்று வயர் ஹோல் சென்சரில் ஓம் அளப்பது வீண், சிக்னலைத்தான் பார்க்க வேண்டும்.

கொம்பனி பூட்டாத இரண்டு பொருட்களை முதல் நாளே சந்தேகியுங்கள். ஒன்று, கடையில் வாங்கிப் போட்ட அலாம். அதன் மலிவு ரிலே இக்னிஷன் வயரையோ பம்ப் வயரையோ வெட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும். மற்றது, பந்தயத்துக்காகப் பூட்டிய சிவப்புச் சாவிக் கட்-ஆஃப் சுவிட்ச். மலிவானதில் உள்ளே தொடுமுனை தேய்ந்து, கெர்பில் (ட்ராக் ஓரத் திட்டில்) ஏறும் அதிர்வில் ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். முள் விழும், எல்லா விளக்கும் ஒருமுறை மின்னும். இரண்டையும் தற்காலிகமாக விலக்கி நேரடியாக இணைத்துச் சோதியுங்கள். சோதனை முடிந்ததும் நல்ல கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று திரும்ப வர வேண்டும், அது உயிர்காப்பு. பழைய ஃபோர்டில் இன்னொன்றும் உண்டு: மோதினால் பம்பை நிறுத்தும் இனேஷியா சுவிட்ச். கெர்பில் பலமாக ஏறினால் அதுவும் தட்டுப்படும். பட்டனை அமத்தினால் சரி.

பழுதே இல்லாமல் ஈசியூ தானாகப் பவரை வெட்டுவதும் உண்டு. பிரேக்கையும் அக்சிலரேற்றரையும் சேர்த்து மிதித்தால் பல புதிய கார்கள் த்ரொட்டிலை மூடிவிடும். கார் சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பியின் பட்டனை அமத்தினாலும் சில கார்களில் அது முழுதாக அணைவதில்லை. முன் பின் ரயர் அளவு வித்தியாசமானால் அது இன்னும் குழம்பும். டர்போக் கார் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) அளவு மிஞ்சினால் பி0234 என்ற கோட் போட்டு, பவரைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போகும். ஆகவே கோட் வாசிக்கும்போது நிலுவையில் உள்ள கோட் எண்களையும், கோட் விழுந்த நேரத்து அளவுகளையும் எழுதிவிட்டே அழியுங்கள். பற்றரியைக் கழற்றினால் சாட்சி போய்விடும். இஎல்எம்327 அடப்டரில் (ஈசியூவின் தகவலைப் போனுக்குத் தருவது) பதிவு எடுத்து வரும் தம்பிமார் ஆர்பிஎம், த்ரொட்டில், வோல்ட் என்று மூன்று நாலோடு நிறுத்துங்கள். பதினைந்தைத் தெரிவுசெய்தால் அது மெதுவாகி, கட் ஆன அந்த ஒரு செக்கனே பதிவில் இருக்காது.

பில்லில் ‘பம்ப் மாற்றியது’ என்று மட்டும் எழுதாமல், மாற்றுவதற்கு முன் அளந்த வோல்ட், பிரஷர், 30 செக்கனில் வந்த பெற்றோல் அளவு இவற்றையும் எழுதித் தாருங்கள், பழைய பாகத்தையும் தாருங்கள். அளவெடுக்கப் போகும் மணித்தியாலங்களுக்குக் கூலியைத் தனி வரியாகப் போடுங்கள். ஒரு பாகமும் மாற்றாத நாளிலும் அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் தருவோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் இருந்து ட்ராக்குக்குக் கார் கொண்டுபோகிறவர்கள்